அமரவிளையிலிருந்து நகருக்கு: ஒரு சாலையும் அதன் வீடுகளும்

கடந்த மூன்று மாதங்களாகத் திருவனந்தபுரத்தில் வாடகை வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். சொந்த வீடு அமரவிளையில் இருக்கிறது. நெய்யாற்றுப் பாலத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் ஆய்வுப் பணி நகரின் வடக்கே, காரியவட்டத்தில். காலையில் அமரவிளை நிறுத்தத்தில் பாசஞ்சர் வண்டி ஏறி, தம்பானூரில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் காரியவட்டம் சேர இரண்டு மணி நேரம் ஆகிறது. திரும்பி வர அதே அளவு நேரம். மாதம் ஒருமுறை அம்மாவை நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரு தாளில் கோடு கிழித்து ஊர்களின் பெயர்களை வரிசையாக எழுதினேன்: பாலராமபுரம், நேமம், கரமனை, சாலை, பேட்டை, கழக்கூட்டம். எதிரே வாடகை, ரயில், பேருந்து, கடைத்தெரு, மருத்துவமனை எனப் பத்திகள்.

வீடு தேடும் எவரும் போடும் கணக்குதான் இது. நிலவியலும் பொருளியலும் இதற்கு ஒரு கோட்பாட்டையே அமைத்திருக்கின்றன. 1826இல் ஜெர்மானியரான வான் தூனன் சந்தையிலிருந்து உள்ள தொலைவைக் கொண்டு நிலத்தின் மதிப்பை விளக்கினார். 1964இல் வில்லியம் அலான்சோ அதே முறையை நகரத்து வீடுகளுக்குப் பொருத்தினார். மையத்திற்கு அருகில் வாடகை மிகும், பயணச் செலவு குறையும். தொலைவில் வாடகை குறையும், பயணச் செலவு மிகும். மனிதர் இவ்விரண்டையும் எடைபோட்டுத் தமக்கு ஏற்ற இடத்தில் குடியமர்வர் என்பது அதன் சாரம்.

இக்கோட்பாடு சொல்லாமல் கொள்ளும் அனுமானங்கள் இரண்டு. சாலை எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பது ஒன்று. பணம் கொடுப்பவருக்கு வீடு கிடைக்கும் என்பது மற்றொன்று. அமரவிளையிலிருந்து திருவனந்தபுரத்திற்குப் போகும் இருபது சொச்சம் கிலோமீட்டர்ச் சாலையின் வரலாற்றைப் படிப்பவர்க்கு, இவ்விரு அனுமானங்களும் எவ்வளவு அண்மைக் காலத்தவை என்பது விளங்கும். முதலாவது போராடிப் பெறப்பட்டது. இரண்டாவது இன்றும் முழுமையாகப் பெறப்படவில்லை. இப்பதிவு அதைப் பற்றியது.

1. விளையும் தெருவும்

தென் திருவிதாங்கூரின் ஊர்ப்பெயர்களில் ‘விளை’ என்ற ஈறு மிகுதி. அமரவிளை, களியக்காவிளை என்று சாலை நெடுகிலும் காணலாம். நெல் விளையும் தாழ்நிலம் ஏலா. தென்னையும் பலாவும் மரவள்ளியும் நிற்கும் மேட்டுநிலம் விளை. வீடு விளையின் நடுவில் இருக்கும். அடுத்த வீடு அடுத்த விளையில். வீட்டின் பெயரே விளையின் பெயராகவும் இருக்கும். ஆகவே இங்கு ‘ஊர்’ என்பது வீடுகள் நெருங்கிய தொகுதியன்று. ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் தோட்டவீடுகளின் பரப்பு.

இந்தப் பரப்புக்குள் தெரு என்ற அமைப்பு தனித்துத் தெரிகிறது. அரசின் கையும் அதில் தெரிகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசன் சாலைக் கம்போளத்தை அமைத்தார். தெற்கிலிருந்து நாஞ்சில் நாட்டுச் சரக்கு அங்கு வந்து சேர்ந்தது. தமிழ் வணிகர்கள் கடைக்குப் பின்னும் கடைக்கு மேலும் குடியிருந்தனர். கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைப் பகுதியிலும் தமிழ்ப் பிராமணர்களின் அக்ரஹாரங்கள் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளாக வளர்ந்தன. பாலராம வர்மா காலத்தில் (1798–1810), உம்மிணித் தம்பியின் முயற்சியால், தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் நெசவாளர்கள் அழைத்துவரப்பட்டுக் குடியமர்த்தப்பட்டனர். அரசரின் பெயரையே அவ்வூர் தாங்கிற்று. பாலராமபுரத்தின் ஒற்றைத்தெரு, இரட்டைத்தெரு, விநாயகர் தெரு, புதுத்தெரு ஆகியவை இன்றும் நேராகவும் அகலமாகவும் இருக்கின்றன. நெசவாளருக்குத் தெரு போகும் வழி மட்டுமன்று. பாவு விரித்துக் கஞ்சி போடும் தொழிற்களமும் அதுவே. தெருவின் நீளம் பாவின் நீளத்தோடு சேர்ந்தது.

இன்றைய மொழியில் இவற்றைப் ‘பன்மைத்தன்மை கொண்ட குடியிருப்புகள்’ என்று சொல்லிவிடலாம். ஒரே சாலையின் மீது நெசவாளர், வணிகர், அர்ச்சகர், தோட்டக் குடியானவர் என்று பலர் வாழ்ந்தனர் என்பது உண்மை. ஆனால் அவர்களுள் எவரும் பட்டியல் போட்டு ஊரைத் தேர்ந்தவர் அல்லர். தொழிலுக்கும் சாதிக்கும் ஏற்ப இடம் வகுக்கப்பட்டது. வகுத்த இடத்தில் வாழ்ந்தனர். பன்மை சாலை முழுவதற்கும் உரியது. ஒவ்வொரு தெருவும் தன்னளவில் ஒருமையாகவே இருந்தது.

2. ராஜவீதியும் கிராமவீதியும்

1865ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இரு வகையில் முக்கியமானது. அவ்வாண்டு ஜூன் மாதம் வெளியான பண்டாரப்பாட்ட விளம்பரம், அரசு நிலத்தைப் பாட்டத்திற்கு வைத்திருந்தோர்க்கு அதன் மீது விற்கவும் வாங்கவும் கூடிய முழு உரிமையை அளித்தது. நிலம் கைமாறத்தக்க சரக்காயிற்று. வீட்டைத் ‘தேர்ந்தெடுத்தல்’ என்ற செயலுக்குச் சட்டத்தின் அடிப்படை அங்கிருந்துதான் தொடங்குகிறது. பண்டாரப்பாட்டம் வைத்திராதவர், அதாவது பிறர் நிலத்தில் குடில் போட்டுக் கிடந்தவர், இதனால் எதையும் பெறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே 1865இல், பொதுச்சாலைகள் எல்லா வகுப்பினர்க்கும் திறந்தவை என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது. 1884இல் மீண்டும் அதை உறுதிப்படுத்திற்று. ஒரே ஆணையை இரண்டாம் முறை பிறப்பிக்க வேண்டியிருந்ததே முதல் ஆணையின் நிலையை உணர்த்தும். அதன்பின் இவ்வறிவிப்பு நீதிமன்றத்துக்குப் போனபோது, ‘பொதுச்சாலை’ என்பது ராஜவீதியை மட்டுமே குறிக்கும், கிராமவீதியைக் குறிக்காது என்ற வேறுபாடு பிறந்தது. பெருஞ்சாலையில் நடக்கலாம், அதிலிருந்து பிரிந்து வீடுகளுக்கும் கோயிலுக்கும் போகும் தெருவில் நடக்க முடியாது. வைக்கம் போராட்டத்தின் வேர் இங்கே இருக்கிறது என்பதை மாணவர்கள் அறிவர்.

நமது சாலையில் அது எவ்வாறு இருந்தது? 1863இல் வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, 1893இல் வில்லுவண்டி ஏறிப் பொதுச்சாலையில் சென்றார். புலையர் சாலையில் நடப்பதே மறுக்கப்பட்ட காலத்தில், வண்டியில் ஏறி அவர் சென்றார். அந்தப் பத்தாண்டில் நடமாடும் உரிமைக்காக அவரும் அவர் தோழர்களும் நடத்திய மோதல்களுள் பாலராமபுரம் சாலியர் தெருவில் நடந்ததும் ஒன்று. அரசு ஒரு வகைக் குடியேறிகளுக்கென்று வகுத்துக்கொடுத்த தெரு, மண்ணின் உழைப்பாளிகள் கடந்துபோகவும் கூடாத தெருவாகியிருந்தது. பன்மைத்தன்மை கொண்ட ஊர்வரிசை என்று இச்சாலையைப் புகழும்போது, அப்பன்மையின் உள்ளே நின்ற இந்த வேலியையும் பார்க்க வேண்டும். அந்த நெசவாளர்களைக் குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. வேலி அன்றைய சமூக அமைப்பு முழுவதிலும் இருந்தது. அந்த இடத்தில் அது கண்ணுக்குத் தெரிந்தது.

அய்யன்காளி 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். 1911இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அங்கு அவர் வைத்த கோரிக்கைகளில் முதன்மையானவை பள்ளிச் சேர்க்கையும் நிலமும். குடியிருக்கவும் பயிரிடவும் புதுவல் நிலம் வேண்டும் என்று கேட்டார். நடக்கச் சாலை, படிக்கப் பள்ளி, இருக்க மனை என்ற மூன்றையும் ஒரே கோரிக்கையின் பகுதிகளாக அவர் பார்த்தார். குடியிருப்பையும் போக்குவரத்தையும் இன்று நாம் வெவ்வேறு துறைகளாகப் பிரித்துப் படிக்கிறோம். நூறாண்டுகளுக்கு முன் பள்ளிக்கூடம் நுழையாத ஒருவர் அவற்றைச் சேர்த்தே படித்திருந்தார்.

அமரவிளைக்கு நெய்யாற்றின் மேற்போக்கில் அருவிப்புறம் இருக்கிறது. 1888இல் ஸ்ரீநாராயண குரு அங்கே சிவனைப் பிரதிஷ்டை செய்தார். கிழக்கும் தெற்கும் லண்டன் மிஷனின் பள்ளிகளும் தேவாலயங்களும் பரவின. கோயிலை அடுத்தும் தேவாலயத்தை அடுத்தும் புதிய குடியிருப்புகள் அமைந்தன. எங்கள் பகுதியில் தாமாகவே தேர்ந்து குடியேறியவர்களின் முதல் தலைமுறை இவர்கள் என்பது என் கருத்து. அவர்கள் தேர்ந்தது வாடகை குறைந்த இடத்தையன்று; நிமிர்ந்து நடக்கக்கூடிய இடத்தை.

3. சக்கரம் கொடுத்தவர் உட்காரலாம்

1936 நவம்பர் 12இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. அதன்பின் பதினைந்து மாதங்களில், 1938 பிப்ரவரி 20 அன்று, திருவிதாங்கூர் அரசின் மோட்டார் சேவை தொடங்கிற்று. அதன் கண்காணிப்பாளராக லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்திலிருந்து இ. ஜி. சால்ட்டர் என்ற ஆங்கிலேயர் அழைத்துவரப்பட்டிருந்தார். முதல் நாளில் அரச குடும்பத்தை ஏற்றிச்சென்ற பேருந்தை அவரே ஓட்டினார். தொடக்கத்திலேயே அரசு எடுத்துக்கொண்ட தடங்களில் திருவனந்தபுரம்–நாகர்கோவில் தடமும் ஒன்று.

சால்ட்டர் வந்த லண்டனுக்கு இத்துறையில் ஒரு முன்வரலாறு உண்டு. 1883இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய மலிவு ரயில் சட்டம், தொழிலாளர்க்குக் குறைந்த கட்டணத்தில் அதிகாலை வண்டிகளை விடுமாறு ரயில் நிறுவனங்களைப் பணித்தது. அதனால் நெரிசல் மிகுந்த நகர் நடுவிலிருந்து எளிய குடும்பங்கள் வடகிழக்குப் புறநகர்களுக்குக் குடிபெயர முடிந்தது. கட்டணத்தைக் குறைத்தபோது குடியிருப்பின் வரைபடம் மாறியது.

நம் சாலையில் நடந்தது இதனின் வேறானது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் நகருக்கு வேலைக்குப் போனவர்கள் புறநகருக்குக் குடிபெயரவில்லை. ஏற்கெனவே அவர்கள் இருந்த விளைகளே பேருந்தால் புறநகர்களாயின. வீட்டை மாற்றாமல் நகரத்து வேலையைப் பார்க்க முடிந்தது. கேரளத்தில் நகரும் கிராமமும் எங்கே பிரிகின்றன என்று கண்டறிய இயலாத தொடர்ச்சிக்கு இது ஒரு காரணம். இன்னொன்றையும் பேருந்து செய்தது. அதன் இருக்கையில் ராஜவீதி, கிராமவீதி என்ற பாகுபாடு நிற்க முடியவில்லை. சக்கரம் கொடுத்துச் சீட்டு வாங்கியவர் உட்காரலாம். சக்கரம் அன்றைய திருவிதாங்கூர் நாணயத்தின் பெயர்.

4. வீட்டைத் தேர்ந்தால் மாநிலத்தைத் தேர்ந்ததாகும்

மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11இல் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூடும் உயிரிழப்புகளும் அப்போராட்டத்தின் நினைவாக இன்றும் தெற்கே நிற்கின்றன. 1955இல் அறிக்கை அளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவற்றைச் செங்கோட்டையுடன் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1956 நவம்பர் 1 முதல் எல்லை களியக்காவிளைக்கு வந்தது.

அதுவரை ஒரே அரசின் கீழ் ஒரே சாலையின் இரு புள்ளிகளாக இருந்த மார்த்தாண்டமும் அமரவிளையும் இரு மாநிலங்களாயின. அண்ணன் குழித்துறையிலும் தங்கை பாறசாலையிலும் வாழ்வதில் மாற்றமில்லை. ஆனால் பிள்ளையின் பயிற்றுமொழி, ரேஷன் அட்டை, அரசு வேலைக்கான தகுதி, பத்திரம் எழுதும் மொழி ஆகிய அனைத்தும், வீடு கோட்டின் எப்பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தவையாயின. எங்கள் பகுதியில் வீட்டுமனை வாங்குவோர் இன்றும் முதலில் விலையைக் கேட்பதில்லை, “இது எந்த ஸ்டேட்?” என்று கேட்கின்றனர்.

எல்லை களியக்காவிளையில் இருக்க, அதன் அடையாளமான சோதனைச் சாவடி அமரவிளையில், கேரளத்துக்குள்ளே தள்ளி அமைந்தது. வணிகவரிச் சாவடியும் கலால் சாவடியும் சேர்ந்து ஊரின் பெயரையே சாவடியின் பெயராக்கிவிட்டன. 2017இல் சரக்கு–சேவை வரி வந்தபின் வணிகவரிச் சாவடி தன் வேலையை இழந்தது. ஆயினும் அமரவிளை என்றவுடன் நகரவாசிக்கு நினைவு வருவது நெய்யாறு அன்று. வரிசையில் நிற்கும் லாரிதான். சாவடிக்கும் எல்லைக்கும் இடையில் வாழ்பவர்களை நகரம் சற்று வெளியாராகவே கருதுகிறது. வீடு தேடும்போது இதை நேரில் அறிந்தேன்.

5. பத்து சென்ட், ஐந்து சென்ட், மூன்று சென்ட்

1865இல் விடுபட்டவர்கள் ஒரு நூற்றாண்டு காத்திருந்தனர். 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத் திருத்தம், பிறர் நிலத்தில் குடிகிடப்பு உரிமையில் வாழ்ந்தோர்க்குத் தம் குடிலையும் அதைச் சுற்றிய சிறு நிலத்தையும் விலைக்குப் பெறும் உரிமையை அளித்தது. பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகரிலும் பெரிய நகராட்சியிலும் 3 சென்ட். 1972இல் எம். என். கோவிந்தன் நாயர் முன்னின்று தொடங்கிய லட்சம் வீடு திட்டம் பஞ்சாயத்துதோறும் சிறு வீடுகளைக் கட்டித் தந்தது.

இவை பெரும் மாற்றங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் சட்டம் அளித்த உரிமை, ஏற்கெனவே கிடந்த இடத்தின் மீதான உரிமையே. நிலவுடைமையாளரின் விளை மூலையில் குடில் இருந்தால், பத்து சென்டும் அந்த மூலையிலேயே. லட்சம் வீடு எழுந்ததும் பெரும்பாலும் புறம்போக்கிலும் குன்றுச் சரிவிலும். சாலையோர மனை விலையேறியபோது அதன் பயன் சாலையோரத்தில் இருந்தவர்க்கே போயிற்று. குடிகிடப்பாளர் இருக்கும் உரிமையைப் பெற்றார். இடம் தேரும் உரிமையைப் பெறவில்லை.

அத்துடன் அக்குடியிருப்புகளுக்கு ‘காலனி’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. முகவரியில் அச்சொல் இருந்தால் சாதி கேட்கத் தேவையில்லை. 2024 ஜூனில் கேரள அமைச்சர் பதவியிலிருந்து விலகும் நாளில் கே. ராதாகிருஷ்ணன் கையெழுத்திட்ட கடைசி ஆணைகளுள் ஒன்று, பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளின் பெயரிலிருந்து அச்சொல்லை நீக்குவது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதலமைச்சரும் சட்டமன்றத்தில் அதே நோக்கிலான அறிவிப்பைச் செய்தார். களியக்காவிளைக் கோட்டின் இரு பக்கத்திலும் ஒரே சொல் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

6. இருப்புப்பாதை வந்தபின்

திருவனந்தபுரத்திற்கு ரயில் 1918இல் வடக்கிலிருந்து வந்தது; 1931இல் தம்பானூர் வரை நீண்டது. தெற்கே கன்னியாகுமரி வரையிலான 87 கிலோமீட்டர்ப் பாதை 1979இல்தான் திறக்கப்பட்டது. நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை என்று நிலையங்கள் சாலையை ஒட்டியே வரிசையாக வருகின்றன. மாதச் சீட்டு வாங்கிய ஒருவர் பேருந்துச் செலவில் சிறு பகுதியைக் கொண்டு நகருக்குப் போய்வர முடிந்தது. மருத்துவக் கல்லூரி மாணவி, சாலைக் கடைச் சிப்பந்தி, தலைமைச் செயலக எழுத்தர், வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் ஆகியோர் ஒரே பெட்டியில் அமர்ந்து நகருக்குப் போகும் காட்சியை இத்தடத்தில் தினமும் காணலாம்.

ஆனால் அதன்பின் நகரமே நகர்ந்தது. 1990இல் கழக்கூட்டம் அருகே டெக்னோபார்க் தொடங்கியபின் புதிய வேலைகள் பெரும்பாலும் வடக்கே பிறந்தன. தெற்கிலிருந்து வருபவர்க்குத் தம்பானூர் இறுதி நிலையமாக இருந்தது மாறி, பாதி வழியாயிற்று. பாதை இன்னும் ஒற்றைப் பாதை. எதிர்வண்டிக்காக நிற்கும் நேரத்தைக் கால அட்டவணை காட்டாது. இரட்டைப் பாதைப் பணி நடந்துவருகிறது. 2024இல் நேமம் நிலையத்திற்குத் திருவனந்தபுரம் தெற்கு என்றும் கொச்சுவேளிக்குத் திருவனந்தபுரம் வடக்கு என்றும் பெயர் மாற்றினர். வீட்டுத் தரகர் ஒருவர் என்னிடம் நேமத்து வீட்டைச் ‘சவுத் ஸ்டேஷன் பக்கம்’ என்றே அறிமுகப்படுத்தினார். பெயர் மாறியவுடன் வாடகையும் மாறியிருந்தது. அலான்சோவின் கணக்கு இவ்வளவில் சரியாகவே வேலை செய்கிறது.

7. கடைசிக் கிராமவீதி

அது வேலை செய்யாத இடம் வாசற்படி. என் பட்டியலில் இருந்த ஊர் ஒன்றில் வீடு பிடித்திருந்தது, வாடகையும் ஒத்துவந்தது. வீட்டுக்காரர் அன்பாகவே பேசினார். என்ன வேலை என்று கேட்டார். சொந்த ஊர் எது என்று கேட்டார். அமரவிளை என்றேன். “அமரவிளையில் எங்கே? வீட்டுப்பெயர் என்ன?” என்றார். சொன்னேன். விளையின் பெயரிலிருந்து ஆளைக் கணிக்கத் தெரிந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். “வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறேன்” என்றார். சொல்லி அனுப்பவில்லை. வேறோர் இடத்தில் சைவ உணவுக்காரருக்கு மட்டும் என்றனர். இன்னோர் இடத்தில், அம்மாவுடன் நான் தொலைபேசியில் தமிழில் பேசியதைக் கேட்டபின் முன்பணம் இரு மடங்காயிற்று.

சாலையின் வரலாற்றோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறேன். ராஜவீதி திறந்துவிட்டது; பேருந்தும் ரயிலும் திறந்துவிட்டன; கோயிலும் பள்ளியும் திறந்தன. இவை யாவும் பொது இடங்கள் ஆதலால் ஆணையும் சட்டமும் போராட்டமும் அவற்றை எட்ட முடிந்தது. வாடகை வீட்டின் கதவு தனியார் உடைமை. அங்கே மறுப்பு எழுத்தில் வருவதில்லை; ‘சொல்லி அனுப்புகிறேன்’ என்ற நல்ல சொல்லாகவே வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் நீதிமன்றம் கண்ட கிராமவீதி இன்று அந்த வாசலில் சுருங்கி நிற்கிறது.

இதற்கு அரசு தீர்வு காண முடியாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சிங்கப்பூர் ஒரு வழியை முயன்றது. அங்கு மக்கள்தொகையின் மிகப் பெரும்பகுதி வாழும் அரசு வீடமைப்புக் கழகக் குடியிருப்புகளில், 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்துக்கும் வட்டாரத்துக்கும் இனவாரியான உச்சவரம்பு உண்டு. ஓர் இனத்தார் ஒரே இடத்தில் குவிவதை அது தடுத்தது. ரயில் நிலையத்தை ஒட்டிய எந்த வட்டாரத்திலும் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் அண்டை வீட்டாராயினர். அதற்கு ஒரு விலையும் உண்டு. உச்சவரம்பு நிறைந்த கட்டடத்தில் ஒரு தமிழர் தம் வீட்டைப் பெரும்பான்மைச் சீனருக்கு விற்க இயலாத நிலை வரலாம். வாங்குவோர் குறைவதால் விலையும் குறையலாம். பன்மையைக் காக்கும் சுமை சிறுபான்மையர் தோளில் கூடுதலாக விழுகிறது என்ற விமர்சனம் அங்கே நெடுநாளாக இருக்கிறது. மேலும் அம்முறை அரசே வீட்டின் உரிமையாளராகவும் விற்பனையாளராகவும் இருக்கும் இடத்தில்தான் செல்லும். விளைகளும் தனி வீடுகளுமான நம் சாலைக்கு அதை அப்படியே கொண்டுவர இயலாது.

திருவனந்தபுரம் தமிழருக்கு மூடிய நகரம் என்றும் நான் சொல்ல வரவில்லை. சாலைத் தெருவில் கடை வைத்திருந்த ஆ. மாதவன் அத்தெருவின் சுமைதூக்கிகளையும் சிறு வணிகர்களையும் தமிழ்ப் புனைகதைக்குள் கொண்டுவந்தார். கவுடியாரின் கோல்ஃப் லிங்க்ஸ் சாலையில் நகுலன் வாழ்ந்தார். நீல. பத்மநாபன் 1970இல் வெளியிட்ட ‘பள்ளிகொண்டபுரம்’ நாவலின் களம் இந்நகரமே. சாலையில் தமிழ்ப் பள்ளி இன்றும் நடக்கிறது. பல தலைமுறைகளாக இந்நகரம் பலரை ஏற்றிருக்கிறது. எவரை எளிதாக ஏற்றது, எவரை வாசலில் நிறுத்திவைத்தது என்பதே வரலாற்று மாணவரின் கேள்வி.

அக்கேள்வியை நகரத்தாரிடம் மட்டும் கேட்பது நேர்மையாகாது. அமரவிளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தனி வாசலோடு ஓர் அறை இருக்கிறது. சென்ற ஆண்டு வெளிமாநிலத் தொழிலாளர் இருவர் அதை வாடகைக்குக் கேட்டு வந்தனர். ரயில் நிறுத்தம் பக்கம், சாலை பக்கம், வேலைக்குப் போக வசதி என்று அவர்களும் கணக்குப் போட்டே வந்திருந்தனர். “சொல்லி அனுப்புகிறோம்” என்று அம்மா சொன்னார். நான் அருகில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அந்த அறை இன்னும் காலியாக இருக்கிறது. நேற்று இதைப் பற்றி அம்மாவிடம் பேசினேன். “அடுத்து யாராவது கேட்டு வந்தால் பார்ப்போம்” என்றார். அந்தப் பதிலும் எனக்குப் பழக்கமானதாகவே இருந்தது. ஆகவே நாளையே அவ்விருவரையும் தேடிப்போய் கேட்பதென்று முடிவு செய்திருக்கிறேன். அம்மாவும் மறுக்கவில்லை.

குடியிருப்பு, இடப்பெயர்வு பற்றிக் களஆய்வு செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வினாத்தாள்களில் ‘ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்ற கேள்வி தவறாமல் இருக்கிறது. வேலைக்கு அருகில், பள்ளிக்கு அருகில், வாடகை குறைவு என்ற விடைகள் வருகின்றன, நாமும் பட்டியலிட்டுவிடுகிறோம். அதற்கு முன் இன்னொரு கேள்வியைச் சேருங்கள்: ‘இதற்கு முன் எங்கெல்லாம் கேட்டீர்கள், என்ன பதில் கிடைத்தது?’ வீட்டுக்காரரிடம் பேசும் வாய்ப்புக் கிடைத்தால், யாருக்கெல்லாம் சொல்லி அனுப்பாமல் விட்டார் என்பதையும் கேளுங்கள். கிடைத்த வீடுகளின் வரலாறு பதிவேடுகளில் இருக்கிறது. கிடைக்காத வீடுகளின் வரலாற்றைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.